ஆணி அடிக்க வேண்டாத வீடு

ஜானுவுக்கு மூக்கு நுனியில் கோபம். மயிலாப்பூரில் அவள் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் சொல்வார், இஸ்திரிக்காரர் சொல்வார், ஒரு ரூபாய் கூடக் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் இரண்டு தடவை சொல்வார். ஆனால் கோபம் என்ன சும்மாவா வரும்? அவள் டெலிபோன் இலாகாவில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்ததும் டிரங்க் காலுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அவளைத் தூக்கிப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். அடையாறில் போன் செத்தாலும் சரி, தி.நகரில் கிராஸ் டாக்கில் அடுத்தவர் பேச்சு கேட்டாலும் சரி, திட்டு அவள் காதில்தான் வந்து விழும். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம், ஊரே சேர்ந்து திட்டும். திருப்பித் திட்டக் கூடாது. "சரி சார், எழுதிண்டேன் சார்" என்று நாள் பூராவும் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது நிம்மதி வேண்டுமா வேண்டாமா?

வீடு இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு போர்ஷன், அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருப்பது. வீட்டுக்காரருக்கு ஒரு ரிப்பேரை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. சமையலறை ஓட்டைப் பிரித்துப் போடுவார், கொத்தனார் ஊருக்குப் போய்விடுவான், மழை உள்ளே கொட்டும். குளியலறைக்குக் கதவு மாற்றுகிறேன் என்று பழைய கதவைக் கழற்றிக்கொண்டு போனவர், புதுக் கதவு வரும்வரை கோணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அரிசி களைந்தால் சிமெண்ட் கரைந்து வரும். அம்மாவுக்கு உயிர் போய்க்கொண்டிருந்த அன்றைக்குப் பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று ஜானு போய்க் கேட்டதற்கு, "தோ, ஆயிடுத்தும்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்றார் வீட்டுக்காரர். அம்மா கடைசியாக ஏதோ சொன்னாள். கடப்பாரைச் சத்தத்தில் அது என்னவென்று ஜானுவுக்குக் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு அப்புறம் அடங்கவே இல்லை.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களை அவள் முறைப்பாள். அப்பா போனபோது தம்பி சுவாமிநாதன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவன் தலையெடுக்கட்டும் என்றார்கள். தலையெடுத்தான், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போனான், ஸ்ரீரஞ்சனியைக் கல்யாணம் செய்துகொண்டான், ஹம்சினி பிறந்தாள், நங்கநல்லூரில் வீடு பிடித்துக்கொண்டு தனியாகப் போனான். ஜானுவுக்கும் ஜாதகம் பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஆக, ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்தமாக ஒரு வீடு. அதுவும் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாத வீடு. கூட வேலை செய்த தேவானை நிலம் வாங்கிக் கட்டப் போய், மணலுக்குக் காவல், ஜல்லிக்குக் காவல் என்று பாதி உடம்பாகிவிட்டாள். "நீயும் ஒரு மனை வாங்கிப் போடு ஜானு, நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம்" என்று வேறு யோசனை சொன்னாள்.

"எனக்கு எந்த இஷ்டமும் கிடையாது. கட்டறதும் வேண்டாம், இடிக்கறதும் வேண்டாம். சாவியைத் திருப்பினா உள்ளே வீடு இருக்கணும்" என்றாள் ஜானு.

கோட்டூர்புரத்தில் அப்படி ஒன்று அகப்பட்டது. இரண்டாம் மாடி ஃப்ளாட். அதில் குடியிருந்த பெரியவர் பிள்ளையோடு அமெரிக்கா போகிறார், விற்றுவிட்டுப் போகிறார். மனுஷன் என்ன ரசனையோடு வைத்திருந்தார்! வழுவழுவென்று மொசைக் தரை. சமையல் மேடை கடப்பைக் கல். அலமாரிக்கெல்லாம் கதவு, பரணுக்குக்கூடக் கதவு. குளியலறையில் கெய்சர், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு. பால்கனியில் துணி உலர்த்தக் கொடி கட்டியிருந்தது. சின்ன அறை ஒன்று, ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம். ஜானு அந்த அறை அலமாரிக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "பாதி விலைக்குக் குடுத்தாலும் இதைவிட நன்னா இருக்கறதை நான் வாங்க மாட்டேன்" என்று உளறிவிட்டு, உளறினது புரிந்து அவளே சிரித்தாள். இலாகாக் கடன் போட்டு, தன் ஒருத்தி பேரில் ரிஜிஸ்டர் செய்துகொண்டாள்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கப் போனதில் பிடித்தது சனியன்.

"ஹோமத்துக்குத் தம்பதியாத்தான் உக்காரணும் ஜானு" என்றார் வாத்தியார். "கன்னிப் பொண்ணு தனியா சங்கல்பம் பண்ணிக்கப்படாது."

ஐம்பத்தொரு வயதுக் கன்னிப் பொண்ணுக்குக் காதில் புகை வந்தது. "கடன் பத்திரத்துல மட்டும் தனியா கையெழுத்துப் போடலாமோ?" என்று கேட்டாள். வாத்தியார் பாவம், அவர் என்ன செய்வார்? கூடப் பிறந்தவன் இருக்கிறான், அவனும் ஆத்துக்காரியும் மணையில் உட்காரட்டும், ஒரு காலை வேளைதானே என்றார். ஜானுவும் ஒரு காலை வேளைதானே என்று ஒப்புக்கொண்டாள். தம்பிக்கு மயில்கண் வேஷ்டியும் ஸ்ரீரஞ்சனிக்கு அரக்குப் பட்டும் அவளே போய் எடுத்தாள்.

ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். ஹாலில் செங்கல் அடுக்கி ஹோமம். தம்பியும் அவன் மனைவியும் மணையில். சங்கல்பத்தில் அவன் பேர், அவன் நட்சத்திரம், அவன் குடும்பம் க்ஷேமமாக இருக்க வேண்டும் என்று மந்திரம். வீட்டை வாங்கியவள் சமையலறை வாசலில் நெய்க் கிண்ணத்தோடு நின்றாள். புகை கண்ணைக் கரித்தது. சரி, சாஸ்திரம், போகட்டும். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது சாஸ்திரமா? வந்தவர்கள் எல்லாரும் மணையில் உட்கார்ந்தவனைப் பார்த்தார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"பேஷ், சுவாமிநாதா! கோட்டூர்புரத்துலே வாங்கிட்டியே! பெரிய ஆளுடா நீ!"

'நான் இல்லை, அக்கா வாங்கினது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? அவன் சிரித்தான். "எல்லாம் பெரியவா ஆசீர்வாதம்" என்றான். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஜானு அவன் இலையில் மட்டும் ஊற்றாமல் தாண்டிப் போனாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. விசேஷ வீட்டில் வேறென்ன செய்வது?

ஹோமத்தில் உட்கார்ந்த தம்பதி அன்று ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும் என்றார்கள். படுத்தார்கள். ஹோமம் பண்ணின வீட்டைப் பூட்டி வைக்கக் கூடாது, விளக்கேற்ற வேண்டும் என்றாள் ஸ்ரீரஞ்சனி. ஏற்றினாள். அடுத்த வியாழக்கிழமை நான் சாமான்களோடு வருகிறேன் என்று ஜானு சொன்னபோது பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அன்னிக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம் அக்கா. அப்புறம் பாத்தா புரட்டாசி பொறந்துடறது. புரட்டாசியிலே யாராவது புது ஆத்துக்குக் குடி போவாளோ?"

"நீங்க இருக்கேளே?"

"நாங்க ஆவணியிலேயே வந்துட்டோமே. எங்களுக்குத் தோஷமில்லை."

இந்த வாதத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஊரில் எவன் போன் கெட்டாலும் சரிசெய்ய ஆள் அனுப்பத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக்குப் போக வழி தெரியவில்லை. நங்கநல்லூரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடி ஓடி ஸ்ரீரஞ்சனிக்கு இடுப்பு போயிற்றாம். இங்கே குழாயில் வருகிறதாம். ஹம்சினிக்கு வேலைக்குப் போக ஒரே பஸ்ஸாம். நங்கநல்லூர்ச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் ஸ்டவ், அப்புறம் கட்டில், அப்புறம் டி.வி. சாமான்களுக்கெல்லாம் புரட்டாசி தோஷம் கிடையாது போலிருக்கிறது.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. புகார்ப் பிரிவில் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். போர்ஷனில் ஓடு ஒழுக, பாத்திரம் வைத்துவிட்டு டூட்டிக்கு ஓடினாள். ஒரு நாள் காலை, மழை விட்டிருந்த சமயம், இனி பொறுக்க முடியாது என்று குக்கரையும் இரண்டு புடவையையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள். பெல்லை அடித்தாள். தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா, யாரு வோணும்?"

"நீ யாருப்பா?"

"கொத்து மேஸ்திரிம்மா, வடிவேலு. ஐயா சிமிட்டி வாங்கப் போய்க்கீறாரு. அம்மா கோயிலுக்குப் போய்க்கினு கீது. அப்பாலிக்கா வா."

ஜானு அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சின்ன அறையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை நீலத் தூள் தொட்டு நூல் அடித்துக் கோடு போட்டிருந்தது. கீழே கோணியை விரித்துச் சம்மட்டியும் உளியும் வைத்திருந்தது. மொசைக் தரையில் கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"என்னய்யா இது?"

"இந்தச் செவுத்த எட்த்துட்டு ஹாலைப் பெர்சு பண்ணணும்னு ஓனரு சொல்லிக்கீறாரு. மாப்ள வூட்டாளுங்க வராங்களாமே."

"ஓனரா? நான்தான்யா ஓனர்!"

வடிவேலு துண்டை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தார். "நீ ஓனருன்னா, அவுரு யாரு?"

"அதைத்தான்யா ஆவணியிலேர்ந்து நானும் கேட்டுண்டிருக்கேன்! எடு சம்மட்டியை! வெளியே போ! இந்தச் சுவத்துல ஒரு தட்டுத் தட்டினே, அதே சம்மட்டியாலே உன்னைத் தட்டுவேன்!"

"கூப்புடறது ஒர்த்தரு, தொரத்தறது ஒர்த்தரு. நல்ல வூடும்மா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கோணியைச் சுருட்டினார்.

சுவாமிநாதன் வந்தபோது ஜானு மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டே திரும்பினாள்.

"யாரைக் கேட்டுடா இடிக்க வந்தே?"

"கத்தாதே அக்கா, கீழாத்துல கேக்கப் போறது. ஹால் சின்னதா இருக்கு. நாலு பேர் வந்தா உக்கார இடமில்லை."

"அது நான் படுத்துக்கறதுக்குன்னு வெச்சிருக்கற ரூம்டா! அதை இடிச்சுட்டா நான் எங்கே படுத்துக்கறது?"

"ஹால்லதான் இடம் நிறைய ஆயிடுமே" என்றான் அவன்.

கேட்டீர்களா நியாயத்தை! ஜானு துடைப்பத்தை வீசி எறிந்துவிட்டுக் கத்தினாள். கட்டடமே கேட்டது. நன்றி கெட்டவன் என்றாள், திருடன் என்றாள், மணையில் உட்கார்த்தி வைத்ததற்கு என் புத்தியைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். இன்றைக்கே எல்லாரும் காலி பண்ணுங்கள் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன் கடைசியில் குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னான். ஹம்சினிக்கு ஒரு வரன் தகைந்து வருகிறது. பையன் அனிருத், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல குடும்பம். பெண்ணுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று தரகர் கேட்டாராம். கோட்டூர்புரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டானாம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ளே வந்து பாத்துட்டுப் போயிடறாளாம். சுவத்தைத் தொடலை. அந்த ஒரு நாள் மட்டும் நீ வாயைத் திறக்காம இரு அக்கா. நம்ம ஹம்சிக்காக."

ஹம்சிக்காக! எங்கே தட்டினால் இவள் இறங்குவாள் என்று அவனுக்குத் தெரியும். ஹம்சினி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது ஜானுதான். பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அந்தக் குழந்தையும் ஆகிவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். குக்கரைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த ஒழுகும் போர்ஷனுக்கே போனாள். வழி நெடுக ஆட்டோக்காரரோடு சண்டை.

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் வந்தார்கள். அனிருத், அவன் அப்பா, அம்மா. ஜானு காலையிலேயே வந்து கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு, டிகாக்ஷன் இறக்கினாள். அடுப்படியைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று ஸ்ரீரஞ்சனி நாசூக்காகச் சொல்லியிருந்தாள். ஹம்சினி பாடினாள். பிள்ளையின் அம்மாவுக்குப் பாட்டைவிட வீடு பிடித்துவிட்டது. எழுந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள்.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே! ஒரு வேலையும் வெக்கலை. அப்படியே வந்து குடியிருக்க வேண்டியதுதான்."

"இவர் பாத்துப் பாத்து வாங்கினார் மாமி" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அடுப்பு முன்னால் நின்ற ஜானுவின் கையில் பால் பொங்கி வழிந்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

பிள்ளையின் அம்மா சமையலறைக்கு வந்தாள். "இவா யாரு?"

"இவரோட அக்கா. கல்யாணம் ஆகலை, எங்களோடதான் இருக்கா. எங்களை விட்டா அவாளுக்கு யாரு, சொல்லுங்கோ? அதான் நாங்க வெச்சுண்டிருக்கோம்."

வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்! ஜானு காபி டம்ளரை மேடையில் வைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று எவ்வளவோ நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"மாமி, இது என் ஆம். நான் சம்பாதிச்சு நான் வாங்கினது. இவா என்னை வெச்சுக்கலை. இவாதான் இங்கே வந்து உக்காந்துண்டிருக்கா."

சுவாமிநாதன் முகம் வெளுத்துப்போய் எழுந்து வந்தான். ஸ்ரீரஞ்சனி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயோ, பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தாள் ஜானு. ஹம்சினியைப் பார்த்தாள். அவள் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையின் அம்மா இன்னும் கிட்டே வந்தாள். ஜானுவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். நரைத்த தலையைப் பார்த்தாள், வெறும் கழுத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அதனாலே என்ன? உங்களுக்குன்னு குழந்தை குட்டி கிடையாதே. உங்களுக்கப்புறம் ஹம்சினிக்குத்தானே வரப்போறது?"

"அதான் மாமி, அதான்!" என்று சுவாமிநாதன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். "அக்காவுக்கப்புறம் எல்லாம் ஹம்சிக்குத்தான்! அதை மனசிலே வெச்சுண்டுதான் சொன்னோம்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. பிள்ளையின் அப்பா இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். ஸ்ரீரஞ்சனி சிரித்தாள். ஹம்சினியும் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைத்தான் ஜானுவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எனக்கப்புறமா?" என்றாள். புகார்ப் பிரிவில் இத்தனை காலம் அடக்கி வைத்த குரலெல்லாம் சேர்ந்து வந்தது. "நான் இன்னும் குடியே வரலையேடா! ஒரு ராத்திரி இங்கே படுத்துத் தூங்கினதில்லை. எனக்குன்னு ஒரு வாய் சாதம் வடிச்சுச் சாப்பிட்டதில்லை. அதுக்குள்ளே என்னைத் தூக்கிக் கொண்டுபோய் எரிச்சாச்சா? யாருக்குன்னு பங்கும் போட்டாச்சா?"

"அக்கா, மெதுவா..."

"எதுக்குடா மெதுவா? என் ஆத்துல நான் கத்துவேன்!"

அவள் சமையலறையைவிட்டு வெளியே வந்தாள். பிள்ளை வீட்டார் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஜானு ஹாலைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போனாள். அங்கே தரையில் குவித்திருந்த ஸ்ரீரஞ்சனியின் துணிகளை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அது ஒரே தள்ளில் ஒழுங்காக விழுந்தது. வெளியே சுவாமிநாதன் கதவைத் தட்டினான், அழைத்தான், கெஞ்சினான். ஜானு வேப்ப மரத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். வெறும் மொசைக் தரையில் காலை நீட்டிப் படுத்தாள். குடி வந்தாகிவிட்டது.